சயாம்னா எங்க வீட்டுல வேற அர்த்தம்

எங்க வீட்டுல யாரும் தாய்லாந்துன்னு சொன்னதே இல்ல, சயாம்தான். மலேசியாவுல பேராக்ல ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்து வளர்ந்த எங்கம்மாவுக்கு சயாம், அம்மாவோட அம்மாவுக்கும் சயாம், இன்னிக்கும் நான் பாங்காக்லேர்ந்து போன் பண்ணா அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட "மக சயாம்லேர்ந்து கூப்புடுறா"ன்னுதான் சொல்றாங்க. அதுல ரெண்டு சயாம் இருக்கு. ஒண்ணு, ஸ்கூல் லீவுல பஸ் புடிச்சு ஹட்யாய் போய் மலிவா துணியும் தின்பண்டமும் அள்ளிக்கிட்டு வர்ற சயாம். இன்னொண்ணு, ஜப்பான்காரன் காலத்துல ஆளுங்கள ரயில்ல ஏத்திட்டுப் போன சயாம். "சயாமுக்குப் போனவரு"ன்னு பாட்டி யாரையாவது சொன்னா அது ரெண்டாவது சயாம். பாட்டியோட பெரியண்ணன் அப்படிப் போனவரு. திரும்பி வரல.

தொண்ணூறுகள்ல தோட்டத்துல எல்லாரும் சேர்ந்து ஹட்யாய்க்கு டூர் பஸ் போட்டாங்க, பாட்டிக்கும் சேர்த்து காசு கட்டியாச்சு, விடியக்காலையில பஸ் வந்து நிக்குது, பாட்டி மட்டும் ஏறல. "அந்த மண்ண நான் மிதிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு லயத்து வாசல்ல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு வாசல்ல, உக்காந்து வெத்தல இடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. நான் அப்ப சின்னப் பிள்ளை, அவங்களுக்குன்னு அங்கேர்ந்து ஒரு பூப்போட்ட டவல் வாங்கிட்டு வந்து குடுத்தேன். அத அவங்க கடைசி வரைக்கும் டிரங்குப் பெட்டியிலயே வச்சிருந்தாங்க, ஒருநாள் கூட தொடச்சுக்கல, தூக்கிப் போடவும் இல்ல.

இதெல்லாம் மனசுல கெடக்கும்போதே எனக்கு பாங்காக்ல வேலை மாத்தலாகி வந்துச்சு. வந்து ஒரு வருஷம் ஆபீஸ், ரூம், மார்க்கெட், அவ்வளவுதான். ஊர சுத்திப் பாக்கணும்னு தோணவே இல்ல. 2019 கடைசியில ஒரு ஞாயித்துக்கெழமை ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பீ தான் என்னை இழுத்துட்டுப் போனாங்க. பீன்னா இவங்க பாஷையில தனக்கு மூத்தவங்கள கூப்புடுற வார்த்தை, அக்காவுக்கும் அதான் அண்ணனுக்கும் அதான், பேருக்கு முன்னாடி ஒட்டிக்குவாங்க, நான் பேரே இல்லாம வெறும் பீன்னு கூப்பிட்டுப் பழகிட்டேன், அவங்களும் என்னை நோங்ன்னு, அதாவது தங்கச்சின்னு, கூப்புடுறாங்க. "நோங், நீ இந்த நாட்ட சயாம்னுதானே சொல்லுவ, உன் நாட்டுலயே ஒரு மியூசியம் இருக்கு வா"ன்னாங்க. மியூசியம் சயாம்.

அந்த வருஷம்தான் சனாம் சாய் எம்ஆர்டி மெட்ரோ ஸ்டேஷன் திறந்திருந்தாங்க. உள்ள எறங்குனா அரண்மனை தர்பார் மாதிரி தூணும் பொன் வேலைப்பாடும், எஸ்கலேட்டர்ல ஏறி மேல வந்தா நேரா மியூசியம் புல்வெளி. கட்டடத்தப் பாத்தா தாய்லாந்து மாதிரியே இல்ல. மூணு மாடி, ஐரோப்பா பாணி, மரியோ தமான்யோன்னு ஒரு இத்தாலிக்காரர் வரைஞ்சது, 1922ல கட்டி முடிச்சிருக்காங்க, ரொம்ப காலம் வணிக அமைச்சகமா இருந்துட்டு அப்புறம் 2008 வாக்குல மியூசியமா ஆயிருக்கு. தாய்லாந்துக்காரன்னா யாருன்னு கேக்குற மியூசியம் இத்தாலிக்காரர் கட்டின வீட்டுல இருக்கு. பீகிட்ட இதச் சொன்னேன். "உள்ள வா, இன்னும் நெறைய இருக்கு"ன்னாங்க.

உள்ள இருந்த நிரந்தரக் கண்காட்சி 2017 டிசம்பர்ல தொடங்குனது, தாய்த்தன்மையோட குறியீட்ட அவிழ்த்துப் பாக்குறதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு. மொத்தம் 14 அறை. நான் மியூசியம்னா கண்ணாடிப் பெட்டி, உடைஞ்ச பானை, ராஜா வாளுன்னு நெனச்சிட்டுப் போனேன். இங்க மொதல்லேர்ந்தே கேள்விதான். இது தாய்லாந்தா, இது இல்லையா, யாரு சொன்னா, எப்பலேர்ந்து? கடைக்குக் கடை கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு பொம்மை உக்காந்து கைய உள்ளங்கை கீழ பாக்குற மாதிரி மடக்கி வா வான்னு கூப்புடுமே, நாங் குவாக், வியாபாரத்துக்கு அதிர்ஷ்டம் குடுக்குற அம்மா, அவங்கள ஆள் உயரத்த விடப் பெருசா செஞ்சு ஒரு அறையில உக்கார வச்சிருந்தாங்க. சின்னப் பிள்ளைங்க அவங்க மடியில ஏறிக் கெடந்துச்சுங்க. பூஜை பொருள இப்படி வெளையாட விடுறாங்களேன்னு எனக்கு மொதல்ல உறுத்துச்சு, அப்புறம் ஒரு அம்மா தன் பிள்ளைய எறக்கிவிட்டுட்டு தானும் போறபோக்குல அந்தப் பெரிய பொம்மைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனத பாத்தேன். ஆராய்ச்சியும் பக்தியும் அந்த அறையில ஒண்ணா நின்னுச்சு, ஒண்ண ஒண்ணு தள்ளல.

எனக்கு ரொம்பப் புடிச்ச அறை ஒண்ணு இருந்துச்சு, சுவரெல்லாம் இழுப்பறை. நீயே இழுத்துத் திறந்து பாக்கணும். பழைய மருந்துக்கடை மாதிரி. நான் மணிக்கணக்கா இழுத்துக்கிட்டே இருந்தேன், பீ கால் வலிக்குதுன்னு பெஞ்சுல உக்காந்துட்டாங்க. அங்க உக்காந்துக்கிட்டேதான் அவங்க எனக்கு சவாத்தி கதைய சொன்னாங்க.

பாங்காக்ல எறங்குன நிமிஷத்துலேர்ந்து காதுல விழுற வார்த்தை சவாத்தி. பொம்பளைங்க சவாத்தி கா, ஆம்பளைங்க சவாத்தி காப். ஆயிரம் வருஷமா இவங்க இப்படித்தான் கும்பிட்டுக்கிறாங்கன்னு நான் நெனச்சிருந்தேன். இல்லவே இல்ல. சுலாலங்கோன் பல்கலைக்கழகத்துல பிரயா உபாகித் சின்லபசான்னு ஒரு மொழி வாத்தியார், 1930கள்ல தன் மாணவங்களுக்கு சொல்லிக்குடுத்த வார்த்தை அது. சமஸ்கிருதத்துல இருக்குற ஸ்வஸ்திய எடுத்து செஞ்சது. 1943 ஜனவரியில அரசாங்கம் அதையே நாட்டோட வணக்கச் சொல்லா ஆக்கிடுச்சு. ஸ்வஸ்தின்னதும் எனக்கு சட்டுனு புடிபட்டுச்சு, சோழர் கல்வெட்டெல்லாம் "ஸ்வஸ்திஸ்ரீ"ன்னுதானே ஆரம்பிக்கும், அதே வார்த்தை. அப்ப அதுக்கு முன்னாடி எப்படி விசாரிச்சுக்குவீங்கன்னு கேட்டேன். பீ சொன்னாங்க, எங்க போற, எங்க போயிட்டு வர்ற, இல்லன்னா "கின் காவ் ரூ யங்", சோறு தின்னாச்சா. இப்பவும் வீட்டுப் பெருசுங்க அதத்தான் கேப்பாங்களாம்.

எனக்கு அங்கயே பாட்டி ஞாபகம் வந்துடுச்சு. மலேசியாவுல தமிழ் வீட்டுக்கு யார் போனாலும் மொதக் கேள்வி "பசியாறிட்டியா"தான். பாட்டி ஒருநாளும் யாருக்கும் வணக்கம்னு சொல்லி நான் கேட்டதில்ல. மேடையில பேசுறவங்க சொல்லுவாங்க, டிவியில சொல்லுவாங்க, தமிழ் ஸ்கூல்ல டீச்சர் வந்தா நாங்க எந்திரிச்சு இழுத்து இழுத்துச் சொல்லுவோம். வீட்டுல பசியாறிட்டியாதான். வயித்தக் கேக்குறதுதான் எல்லா ஊர்லயும் பழைய வணக்கமோ என்னவோ. அதுக்காக சவாத்தி பொய்யின்னு ஆகிடுமா? காலையில கறி விக்கிற அம்மா கைகூப்பி அதச் சொல்லும்போது அதுல பொய் ஒண்ணும் இல்ல. ஒருத்தர் செஞ்சார், தேதி தெரியும், ஆனா எத்தனையோ கோடி வாய் சொல்லிச் சொல்லி அத அவங்களோடதா ஆக்கிடுச்சு. இந்த மியூசியம் எனக்குக் குடுத்த மொத விஷயம் இதுதான்.

அடுத்தது ஸ்கூல் வகுப்பறை மாதிரி ஒரு அறை. கரும்பலகை, பெஞ்சு, வெவ்வேற காலத்துல நாட்டப் பத்தி பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு பாடம் பாடமா வச்சிருக்காங்க. இங்கதான் பிபுன் வந்துட்டாரு. பிளேக் பிபுன்சொங்க்ராம், ராணுவக்காரர், 1938ல பிரதமர் ஆனவர். 1932ல ராஜாவோட முழு அதிகாரத்த முடிச்சு வச்ச கூட்டத்துல ஒருத்தர். 1939 ஜூன் 24ல சயாம்ங்கற பேர எடுத்துட்டு நாட்டுக்கு தாய்லாந்துன்னு பேர் வச்சது அவர்தான். அன்னிக்கு ஆரம்பிச்சு 1942 வரைக்கும் ரத்தநியோம்னு 12 ஆணை வந்துச்சு. கொடிக்கு நிக்கணும், தேசிய கீதத்துக்கு நிக்கணும், உள்நாட்டுப் பொருள வாங்கணும், இப்படித்தான் உடுத்தணும், இத்தனை மணிநேரம் தூங்கணும்னு கூட இருக்கு. ஆணைக்கு வெளியவும் பிரச்சாரம் வேற, தொப்பி போட்டுட்டுத்தான் வெளிய வரணும், வெத்தல போடக் கூடாது, வேலைக்குக் கெளம்புற புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு முத்தம் குடுத்துட்டுப் போகணும்னு. புத்தாண்டையே மாத்திட்டாங்க. அதுவரைக்கும் ஏப்ரல் 1ல வருஷம் பொறந்துக்கிட்டிருந்துச்சு, 1941லேர்ந்து ஜனவரி 1ன்னு ஆனதால அதுக்கு முந்தின வருஷத்துக்கு மொத்தமே ஒம்பது மாசம். எழுத்தையும் விடல. 44 மெய்யெழுத்துல 13 வேணாம்னு 1942ல தள்ளிட்டாங்க, ரெண்டு வருஷத்துல அவர் பதவி போனதும் எழுத்தெல்லாம் திரும்பி வந்துடுச்சு.

வெத்தலை தடைய படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் அந்த பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். பாட்டி வெத்தல இடிக்கிற சத்தத்துலதான் எங்க வீட்டுல பொழுது விடியும். அது அநாகரிகம், வெளிநாட்டுக்காரன் பாத்தா சிரிப்பான், பல்லு சிவப்பா இருந்தா நாடு முன்னேறாதுன்னு ஒரு அரசாங்கம் தன்னோட கெழவிங்ககிட்ட சொல்லியிருக்கு. பீயோட பாட்டிக்கும் அந்தக் காலம் தெரியும். கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனா கூட தலைக்கு ஏதாவது மாட்டிக்கிட்டுத்தான் கெளம்புவாங்களாம், ஏன்னு கேட்டா "வெறுந்தலையா போனா உள்ள விட மாட்டாங்க"ம்பாங்களாம். ஆணை போட்ட ஆளும் போயாச்சு, ஆணையும் போயாச்சு, பயம் மட்டும் தலையிலயே உக்காந்திருக்கு.

அந்த 12ல மூணாவது ஆணைதான் எனக்கு நெஞ்சுல தச்சது. வடக்குத் தாய், தெற்குத் தாய், இஸ்லாமியத் தாய்னெல்லாம் இனிமே சொல்லக் கூடாது, எல்லாரும் வெறும் தாய். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊருக்கு மேல எல்லையத் தாண்டுனா பட்டானி பக்கம் மலாய் பேசுற ஜனங்க இருக்காங்க, வடகிழக்குல ஈசான் பக்கம் லாவோ பேசுற ஜனங்க இருக்காங்க, அவங்களுக்கெல்லாம் அந்த "எல்லாரும்" எப்படிக் கேட்டிருக்கும்? சோம் தம்னு பச்சப் பப்பாளிய இடிச்சு செய்யுற சாலட் இப்ப உலகம் பூரா தாய் சாப்பாடு, ஆனா அது ஈசான்காரங்க தட்டுலேர்ந்து வந்தது. தட்ட வாங்கிக்கிட்டாங்க, பேச்ச வெக்கப்பட வச்சாங்க. பீ இதுக்கு ஒண்ணும் சொல்லல. தலைய மட்டும் ஆட்டுனாங்க.

சாப்பாடுன்னதும் அந்த சமையலறை. மேசை மேல வெறும் தட்டா வச்சிருக்காங்க, ஒவ்வொரு தட்டுலயும் ஒரு க்யூஆர் கோடு, எந்தத் தட்ட எடுக்குறியோ அந்தப் பலகாரத்தோட கதை வரும். பாட் தாய் கதைதான் எல்லாருக்கும் தெரிஞ்சது. முழுப் பேர சொன்னா குவாய்தியாவ் பாட் தாய், அதுல குவாய்தியாவ் தியோசியூ சீனம், நம்ம ஊர்ல சார் குவே தியாவ்ன்னு சாப்பிடுறோமே அதே குவே தியாவ். போர்க் காலத்துல பிபுன் அரசாங்கம் ஜனங்கள நூடுல்ஸ் சாப்பிடுங்கன்னு தூண்டி விட்டுச்சு, சீனன் வாணலியில பொரட்டின பண்டத்துக்கு தாய்னு பேரும் சேர்ந்துச்சு. தங்கக் கலர்ல நூல் நூலா ஒரு இனிப்பு விப்பாங்க, ஃபோய் தோங், கல்யாணத்துக்கெல்லாம் அது இல்லாம ஆகாது. அது போர்ச்சுகல் முட்டை இனிப்பு. பழைய தலைநகர் அயுத்தயா காலத்துல, நாராய் ராஜா ஆட்சியில, மரியா கியோமார்னு ஜப்பான் ரத்தமும் போர்ச்சுகீஸ் ரத்தமும் கலந்த ஒரு அம்மா அரண்மனை சமையலுக்குள்ள கொண்டு வந்ததா சொல்றாங்க. மிளகாயே அமெரிக்காவுலேர்ந்து போர்ச்சுகீஸ் கப்பல்ல வந்ததுதானே. அந்த மேசையச் சுத்தி நின்ன ஸ்கூல் பசங்க ஒவ்வொரு தட்டா தூக்கி "இதுவும் வெளியூரா, இதுவுமா"ன்னு கத்திக்கிட்டிருந்தாங்க. அவங்க மூஞ்சியில ஏமாத்தமே இல்ல, திருவிழா மாதிரி சந்தோஷமா இருந்தாங்க. பத்து வயசுல இது தெரிஞ்ச பிள்ளை நாளைக்கு யாரப் பாத்தும் நீ வந்தேறின்னு லேசுல சொல்லாது. எல்லா நாட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஒரு மேசை கெடைக்கணும்னு நான் மனசார வேண்டிக்கிட்டேன், எங்க நாட்டுப் பிள்ளைங்களுக்கும்தான்.

குடும்பப் பேர் விஷயத்த பீயே ஆரம்பிச்சாங்க. தாய்லாந்துல 1913 வரைக்கும் யாருக்கும் குடும்பப் பேரே கெடையாது. ஆறாம் ராமா, வஜிராவுத் ராஜா, சட்டம் போட்டு எல்லாருக்கும் வேணும்னாரு, அவரே ஒக்காந்து 6,000க்கும் மேல குடும்பங்களுக்குப் பேர் எழுதிக் குடுத்திருக்காரு. அதே ராஜாதான் 1917ல செவப்புத் துணியில வெள்ளை யானை நின்ன பழைய கொடிய மாத்தி இப்ப இருக்குற மூணு நெறக் கொடிய கொண்டு வந்தவர், நாடு, மதம், ராஜான்னு மூணையும் ஒண்ணா கோத்தவர். அதே கையாலதான் 1914ல சீனக்காரங்கள கிழக்கோட யூதர்கள்னு தூத்தி எழுதுனாரு. பீயோட ஆகோங், அதாவது தாத்தா, சீனாவுல சுவாதோ பக்கத்துலேர்ந்து கப்பல்ல வந்த தியோசியூ. அவர் வம்சம் தங். என்கூட இஸ்கூல்ல படிச்ச டான் இருக்காளே, அதே எழுத்து, அவ ஹோக்கியன் வாயில டான், இவங்க தியோசியூ வாயில தங். மலேசியாவுல அவ இன்னும் டான்தான். இங்க பிபுன் காலத்துல சீன ஸ்கூல மூடினாங்க, சீனப் பேப்பர மூடினாங்க, சே தங்னு, அதாவது தங் வம்சம்னு, பேர வச்சுக்கிட்டு பிள்ளைங்க முன்னேற முடியாதுன்னு ஆகோங் பயந்துட்டாரு. புதுசா பேர் வைக்கணும்னா வேற எந்தக் குடும்பத்துக்கும் அந்தப் பேர் இருக்கக் கூடாதுன்னு விதி, அதனாலதான் சீன வம்சத்துக்காரங்க பேரெல்லாம் ரயில் மாதிரி நீளமா இருக்கும்.

பீ ஐடி கார்ட எடுத்து நீட்டுனாங்க. பேர இங்க போட மாட்டேன், ஆனா எழுத்துக்கூட்டி அவங்க படிக்கப் படிக்க நான் ஒவ்வொண்ணா நிறுத்தினேன். ரத்தன, இது ரத்தினம். கடைசியில குல், இது குலம் பீ, எங்க பாஷையில அப்படியே குலம். அவங்களுக்கு தன் பேர்ல பாதி அர்த்தம் அன்னிக்குத்தான் தெரிஞ்சுதாம். "ஆகோங் கோயில்ல ஒரு பிக்குகிட்ட காசு குடுத்து வாங்குன பேரு இது"ன்னு சொல்லி கார்ட விரலால தடவிக்கிட்டே இருந்தாங்க. எங்க ஐசியில, அதாவது மலேசிய அடையாள அட்டையில, என் பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல ஏ/பி ன்னு ஒண்ணு இருக்கும், மகள்னு அர்த்தம், எங்களுக்குக் குடும்பப் பேர்னு ஒண்ணு கெடையாதுன்னு நான் சொன்னேன். "அப்ப அப்பாவுக்கு முன்னாடி இருந்தவங்க பேரெல்லாம் எங்க இருக்கும்?"னு கேட்டாங்க. எங்கயும் இருக்காது. யாராவது ஞாபகம் வச்சிருந்தா உண்டு.

நான் இழுப்பறைகிட்ட அவ்வளவு நேரம் நின்னதுக்கு காரணம் இருந்துச்சு. 1942, 1943ன்னு எங்க பாத்தாலும் நான் நின்னுட்டேன். எழுத்து மாறின வருஷம் 1942. சவாத்தி வந்த வருஷம் 1943. ஜப்பான் படை 1941 டிசம்பர் 8ல தாய்லாந்துல எறங்குச்சு, பிபுன் அவங்களோட கூட்டு சேர்ந்தாரு. அதே 1942 செப்டம்பர் அக்டோபர் வாக்குல பாங்காக்குக்கு மேற்கால பான் போங்லேர்ந்து பர்மாவுல தன்பியூசயாத் வரைக்கும் 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட ஆரம்பிச்சாங்க, 1943 அக்டோபர்ல முடிச்சுட்டாங்க. மலையும் காடும் ஆறும், ஒரு வருஷத்துல. போர்க் கைதிங்க 60,000 பேர், அவங்கள்ல 12,000க்கும் மேல செத்தாங்க. ஆசியத் தொழிலாளிங்க 1,80,000க்கும் மேல, அதுல 90,000 வாக்குல செத்தாங்கன்னு கணக்கு சொல்றாங்க, சரியான எண்ணிக்கைன்னு ஒண்ணு இல்ல, ஏன்னா அவங்க பேர யாரும் எழுதி வைக்கல. அதுல பல்லாயிரம் பேர் மலாயா தோட்டத்துத் தமிழாளுங்க. ரப்பர் வாங்க ஆளில்ல, தோட்டத்துல வேலையில்ல, சோத்துக்கு மரவள்ளிக் கெழங்கு, அப்ப ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், சம்பளம், மூணு மாசத்துல திரும்பிடலாம்னு ஆச காட்டினாங்க, வராதவங்கள வழியிலயே மடக்கி லாரியில ஏத்துனாங்க, சாமான் ஏத்துற பெட்டியில அடைச்சு நாள் கணக்கா கொண்டு வந்தாங்க. 1943 மழைக்காலத்துல காலரா வந்து முகாம் முகாமா செத்தாங்க.

மியூசியத்து மேல எனக்கு இதுல குறையில்ல. அது தாய்த்தன்மை எப்படி உருவாச்சுன்னு சொல்ற எடம், எங்க ஆளுங்க தாய்த்தன்மைக்குள்ள வர்றவங்க இல்ல, அந்த மண்ணுல புதைஞ்சவங்க மட்டும்தான். அது எனக்குப் புரியுது. ஆனா கை கேக்க மாட்டேங்குது, இன்னொரு இழுப்பறை இன்னொரு இழுப்பறைன்னு இழுத்துக்கிட்டே இருந்துச்சு. பாங்காக்ல தொப்பி போடலன்னா ஆபீசுக்குள்ள விடாத அதே மாசங்கள்ல, 130 கிலோமீட்டர் தள்ளி காஞ்சனாபுரி காட்டுல கோவணத்தோட ஒருத்தர் கல்லு சுமந்துக்கிட்டிருந்தாரு. ரெண்டும் ஒரே சயாம். எனக்கு ரெண்டையும் ஒரே அறையில பாக்கணும்போல இருந்துச்சு.

வெளிய வந்து புல்வெளியில உக்காந்து பீகிட்ட இத மொதத் தடவையா சொன்னேன். ஒரு வருஷமா பக்கத்து பக்கத்து சீட்டு, சொன்னதே இல்ல. அவங்க காஞ்சனாபுரிக்கு ஸ்கூல்ல டூர் போயிருக்காங்க, அந்த ரயில் பாலத்துல நின்னு போட்டோ எடுத்திருக்காங்க, வெள்ளக்காரங்க கல்லறைத் தோட்டத்தயும் பாத்திருக்காங்க. கிட்டத்தட்ட 7,000 கல்லறை, பேரு, வயசு, படைப் பிரிவு எல்லாம் செதுக்கி, பூச்செடி வச்சு. தமிழாளுங்க அங்க செத்தாங்கன்னு அவங்களுக்கு யாரும் சொன்னதில்ல. கொஞ்ச நேரம் அழுதாங்க. நான் அழல, எனக்கு இது ரொம்பப் பழைய விஷயம், வெத்தல உரல் மாதிரி வீட்டோட இருக்குற விஷயம்.

அவங்களே ஒரு டுக்டுக்க நிறுத்தி "உனக்கு ஒண்ணு காட்டணும்"னு கூட்டிட்டுப் போனாங்க. வாட் சுதாத் கோயில் முன்னாடி செக்கச்செவேல்னு ரெண்டு தேக்குத் தூண் வானத்துக்கு நிக்குது, பெரிய ஊஞ்சல், சாவ் சிங் சா. மொத ராமா காலத்துல 1784ல வச்சது, இப்ப நிக்குற மரம் 2007ல மாத்தினது. முன்னாடியெல்லாம் பிராமணர்கள் இதுல ஆடி உயரத்துல கட்டின பண முடிப்ப வாயால கவ்வணுமாம், 1935ல நிறுத்திட்டாங்க. பக்கத்துலயே தேவஸ்தான், வெள்ளை மதில், ராஜ பிராமணர்களோட கோயில். மார்கழி தை வாக்குல இங்க இன்னும் ஒரு சடங்கு நடக்குது, அதுக்குப் பேரு திரியம்பவாய் திரிபவாய். சத்தமா ரெண்டு தடவ சொல்லிப் பாருங்க. திருவெம்பாவை, திருப்பாவை. பாட்டு வாய் மாறி வாய் மாறி உருத் தெரியாமப் போயிடுச்சு, சொல்றவங்களுக்கு அது தமிழ்னு அர்த்தமாகாது, ஆனா நூத்துக்கணக்கான வருஷமா அறுந்து போகல.

பீ அத எனக்கு ஆறுதலாத்தான் காட்டுனாங்க, உங்க ஆளுங்க எங்க ராஜா வீட்டுலயே இருக்காங்க பாருன்னு. எனக்கு ஆறுதல் வரல, வேற ஒண்ணு வந்துச்சு. மார்கழியில தோட்டத்து மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர்ல விடியக்காலையில கரகரன்னு திருவெம்பாவை போடுவாங்க, லயத்துல இருக்குறவங்க போர்வைய இழுத்து மூடிக்குவோம். பெரியண்ணனுக்கும் அது காதுல விழுந்துதானே இருக்கும். ரெண்டு விதமா தமிழ் சயாமுக்கு வந்திருக்கு. ஒண்ணு பாட்டா வந்துச்சு, அர்த்தம் போனாலும் எழுத்தெழுத்தா காப்பாத்தி வச்சிருக்காங்க. இன்னொண்ணு ஆளா வந்துச்சு.

சாயந்திரம் சாம் யோத் ஸ்டேஷனுக்கு நடந்தோம். பிளாட்பாரத்துக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா சமைச்சிட்டு இருந்தாங்க, எடுத்ததும் பசியாறிட்டியான்னாங்க. ஆச்சும்மான்னுட்டு கேட்டேன், பாட்டியோட பெரியண்ணன் பேரு என்னம்மா?

அம்மா அடுப்ப அணைக்கிற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "பாட்டி பெரியண்ணேன்னுதான் சொல்லுவாங்க. மூத்தவரு பேர எப்படி சொல்லுவாங்க? நாங்களும் கேட்டதில்லையே"ன்னாங்க. ஈப்போவுல இருக்குற பெரியம்மாவக் கேட்டுப் பாக்குறேன், அவங்களுக்கும் தெரியுமோ என்னமோ, பழைய படத்துப் பின்னாடி ஏதாவது எழுதியிருக்கான்னு பாக்கணும்னு என்னென்னமோ சொல்லிக்கிட்டே போனாங்க, பாதியில ஸ்டேஷன் ஸ்பீக்கர்ல தேசிய கீதம் ஆரம்பிச்சிடுச்சு. ஆறு மணி. டிக்கெட் வாசல்ல காலத் தூக்குனவங்க தூக்குன எடத்துலயே நின்னுட்டாங்க, பை தூக்கின பையன், மாப்பு கையில வச்சிருந்த அம்மா, எனக்கு முன்னாடி பீ, கைய ஒட்டி வச்சு நேரா நிக்கிறாங்க, தங் வம்சத்து ஆகோங்கோட பேத்தி. நானும் போன காதுலேர்ந்து எடுக்காம நின்னேன். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கும். முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல நகர்ந்தாங்க.

"என்னடி சத்தம் அது? எங்க நிக்குற?"ன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

"சயாம்லதாம்மா நிக்குறேன்"னேன்.